சுளுக்கு என்று நீவிய கால்

எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினால், முழங்காலுக்குக் கீழே ஒரு குழி தெரியும். தோல் எலும்போடு ஒட்டி, தொப்புள் மாதிரிச் சுருங்கிய வடு. ஏழு வயதில் கால் வீங்கியதாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். பிறகு உடைந்து சீழ் வடிந்தது. மூடும், மறுபடி திறக்கும். வருஷக்கணக்கில் இப்படி ஓடி, ஒருநாள் புண்ணிலிருந்து தீக்குச்சி அளவுக்கு எலும்புச் சில்லு ஒன்று வந்து விழுந்தது. அதன்பிறகுதான் ஆறியது என்கிறார்.

அந்தச் சில்லில்தான் சூட்சுமம். பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், வளரும் முனையை ஒட்டிய இடத்தில் ரத்தம் மெதுவாக ஓடும். சிரங்கு வழியாகவோ வேறெப்படியோ ரத்தத்தில் கலந்த கிருமி, பெரும்பாலும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ், அங்கே தங்கிச் சீழ் வைக்கும். சீழ் அழுத்த அழுத்த, ரத்தம் எட்டாத எலும்புத் துண்டு செத்துவிடும். செத்த எலும்புக்கு மருந்தும் போய்ச் சேராது. அது தானாக வெளியேறும்வரை, அல்லது டாக்டர் எடுத்துப் போடும்வரை, புண் புரையோடிக்கொண்டே இருக்கும். பெனிசிலின் வருவதற்கு முன்பு, 1920களின் கடைசியில், வில்லியம் பேயர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இத்தகைய குழந்தைகளின் புண்ணில் ஈப்புழுக்களை விட்டு ஆற்றிப் பார்த்தார். ஆறவும் செய்தது. நம் நாட்டில் அரசு, புனே அருகே பிம்ப்ரியில் பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கியது 1950களில்தான்.

சிவகாசி போன்ற தீப்பெட்டி ஊருக்கு எலும்பு நோய் வேறொரு வழியிலும் வந்திருக்க வேண்டியது. பழைய தீக்குச்சியின் வெள்ளைப் பாஸ்பரஸ், தொழிலாளரின் தாடை எலும்பை அழுகவைத்தது. 1888இல் லண்டன் தீப்பெட்டிப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்தின்போது அந்தக் கொடுமை பேச்சானது. இந்தியா 1913லேயே அந்தப் பாஸ்பரஸைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, தொடங்கியது 1920களில். தாடை தப்பியது. பிள்ளைகள் தப்பவில்லை. விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், ஒரு பிள்ளை விந்தி விந்தி நடப்பதை யார் கவனித்திருப்பார்கள்? சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. என் கணக்கில் அதுவும் ஒரு வைத்தியம்தான். வேலையை விட்டுப் பள்ளிக்கூடம் போனால், அங்கே மைதானத்தில் நொண்டும் கால் யார் கண்ணிலாவது படும்.

இன்று மருந்து உண்டு, ஸ்கேன் உண்டு. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய விருதுநகர்க்காரர்களுக்கு 2022 முதல் சொந்த ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆனால் இந்த எலும்புச் சீழ் நோய்க்கு ஓசையில்லாத முகம் ஒன்றும் இருக்கிறது. 1832லேயே ஆங்கில அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடி எழுதிவைத்த, எலும்புக்குள் அடைந்து கிடக்கும் சீழ்க்கட்டி அது. காய்ச்சல் இருக்காது. ரத்தப் பரிசோதனைகூடச் சரியாகவே வரலாம். ராத்திரி காலைப் பிடித்துக்கொண்டு அழும் பையன் காலையில் பந்து விளையாடப் போய்விடுவான். "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஆச்சி சொல்வாள். வாரக்கணக்கில் இப்படிப் போன பிறகு எக்ஸ்ரே எடுத்தால், எலும்பில் கரைகட்டிய ஒரு குழி. பார்த்ததும் புற்றோ, காசநோயோ என்ற பயம் வரும். அதனால் குழியைச் சுரண்டி எடுத்ததைக் கிருமிச் சோதனைக்கும் திசுச் சோதனைக்கும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

பிறகு வாரக்கணக்கில் மாத்திரை. ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்தால், வலி இரண்டாவது வாரத்திலேயே போய்விடும். பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒருநாள் கூலி நட்டம். மிச்ச மாத்திரை அட்டைகள் டிவிப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கும்.