ஆறாம் எண் வீட்டின் இரகசியம்

பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். அங்கே எட்டு வீடுகள் கொண்ட ஒரு லயம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவுகளில் 1 முதல் 8 வரை எண்கள். உங்கள் தோழி ஆறாம் எண் வீட்டில் குடியிருக்கிறாள். வாசலில் நின்று ஒரு பக்கத்து வீட்டு எண்களைக் கூட்டுகிறாள்: 1+2+3+4+5 = 15. மறுபக்கம்: 7+8 = 15. இரண்டும் சமம்!

அந்த லயத்தில் வேறெந்த வாசலில் நின்றாலும் இப்படி அமையாது. லயத்தில் பத்து வீடுகள் இருந்தால், எந்த வாசலிலும் அமையாது. அப்படியானால் எத்தனை வீடுகள் இருந்தால் அமையும்?

கேம்பிரிட்ஜில் ஒரு மதிய வேளை

இந்தக் கேள்வி 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் புதிராக வெளிவந்தது. எழுதியவர் புகழ்பெற்ற புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடினி. முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரம் அது. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு. ஒருவர் வீட்டின் இரு பக்கமும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை சமம். அந்தப் பக்கத்தில் 50-க்கு மேல், 500-க்குக் குறைவான வீடுகள். வீட்டு எண் என்ன?

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ், நண்பர் சீனிவாச இராமானுஜன் அறைக்குச் சாப்பிடப் போயிருந்தார். இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் இதழைப் புரட்டி, எண்களைப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைக் கண்டுபிடித்தார். பிறகு புதிரை நண்பருக்கு வாசித்துக் காட்டினார். இராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே, “எழுதிக்கொள்ளுங்கள்” என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் அந்தத் தெருவுக்கான விடை மட்டுமல்ல, எல்லாத் தெருக்களுக்குமான விடைகளும் இருந்தன!

எப்படி முடிந்தது?

நாமும் முயன்று பார்ப்போம். ஆறாம் வீட்டில் ஒரு பக்கம் 15, மறுபக்கம் 15, நடுவில் 6. மொத்தம் 36. அது 6×6. இது தற்செயலா?

இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 6×5-இல் பாதி. இரு பக்கமும் சமம் என்பதால் இரண்டும் சேர்ந்து 6×5. அதோடு 6-ஐச் சேர்த்தால் 6×6. எந்த வீட்டு எண்ணுக்கும் இதே கதைதான். ஆகவே விதி இது: எல்லா வீட்டு எண்களின் கூட்டுத்தொகை, நம் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். பத்து வீடுகளின் கூட்டுத்தொகை 55. அது வர்க்க எண் அல்ல. அதனால்தான் அங்கே அமையவில்லை.

எட்டு வீடுகளின் கூட்டுத்தொகையை 8×9÷2 என்று எழுதலாம். அதாவது 4×9. நான்கும் வர்க்கம், ஒன்பதும் வர்க்கம். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது. எனவே பெருக்கற்பலன் வர்க்கமாக வேண்டுமானால், இரட்டை எண்ணைப் பாதியாக்கிய பின் இரண்டும் தனித்தனியே வர்க்கமாக இருந்தாக வேண்டும்.

அப்படியானால், ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் இருமடங்கும் ஒன்றே ஒன்றால் வேறுபட வேண்டும். 9-உம் 8-உம் போல: 3-இன் வர்க்கம், 2-இன் வர்க்கத்தின் இருமடங்கு. 3/2 என்ற பின்னம் 2-இன் வர்க்கமூலத்துக்கு (1.414...) அருகில் இருப்பது இதனால்தான். இந்த வர்க்கமூலத்துக்கான தொடர் பின்னம் அதை நெருங்கும் பின்னங்களைத் தருகிறது:

1/1, 3/2, 7/5, 17/12, 41/29...

இவற்றைச் செய்வது எளிது. பழைய தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் புதிய பகுதி. அதோடு பழைய பகுதியைக் கூட்டினால் புதிய தொகுதி. இப்போது ஒவ்வொரு பின்னத்திலும் மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்குங்கள்: 1, 6, 35, 204, 1189... இவையே வீட்டு எண்கள்!

35-ஆம் வீட்டுக்குத் தெருவில் 49 வீடுகள் வேண்டும். 50-க்கு ஒன்று குறைவு. 204-ஆம் வீட்டுக்கு 288 வீடுகள். 1189-க்கு 1681 வீடுகள். அது 500-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே லூவேன் தெருவின் விடை 204.

யார் கெட்டிக்காரர்?

இராமானுஜன்தான் என்று சட்டெனச் சொல்லிவிடாதீர்கள். எண்களைப் போட்டுப் பார்த்து விடை கண்டதும் கணிதமே. அப்படிச் செய்த மகலனோபிஸ்தான் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அன்று அவர் விடை கிடைத்ததும் இதழை மூடி வைத்திருந்தால், அந்தத் தொடர் பின்னம் அந்த அறையில் பேச்சுக்கே வந்திருக்காது. நண்பரிடம் வாசித்துக் காட்டியதால்தான் ஒரு விடை, ஒரு வழியாக விரிந்தது. தேர்வில் பக்கத்து நாற்காலியைப் பார்க்கக் கூடாது. புதிரில் பார்க்கலாம், கேட்கலாம், தப்பாகவும் சொல்லலாம்.

இனி உங்கள் முறை

ஈப்போவில் உங்கள் தாமானுக்குள் ஒரு நடை போய்வாருங்கள். சில தெருக்களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள் மட்டும் இருக்கும்: 1, 3, 5, 7, 9. ஏழாம் எண் வீட்டு வாசலில் நில்லுங்கள். ஒரு பக்கம் 1+3+5 = 9; மறுபக்கம் 9. இங்கேயும் சமம்!

ஐந்து வீடுகளுக்கு இது சரி. ஆறு முதல் 50 வீடுகள் வரை உள்ள தெருக்களில் இன்னும் ஒரே ஒரு விடை உண்டு. குறிப்பு: முதல் மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 3×3, முதல் நான்கின் கூட்டுத்தொகை 4×4, ஐந்தின் கூட்டுத்தொகை 5×5. 3, 4, 5 என்றதும் நீங்கள் வகுப்பில் வரைந்த ஒரு செங்கோண முக்கோணம் நினைவுக்கு வருகிறதா?

விடையைத் தனியாகத் தேடாதீர்கள். ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு நண்பர்கள் போதும்.