பட்டா யார் பெயரில்?

ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கரும்புச் சாறு மெஷினில் என் மச்சானுக்கு விரல் நுனி போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வெங்கடசாமி ஃப்ளாப்’ என்றிருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் பெயர் வேறு. யார் இந்த வெங்கடசாமி?”

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இருந்த கை அறுவை நிபுணர். 1980-இல் ஆர். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் எழுதிய கட்டுரையில் இதன் பெயர் ‘சாய்முக்கோண ஃப்ளாப்’. மருத்துவர்கள் வாயில் அது வெங்கடசாமி ஆனது. சுப்பிரமணியன், பாவம், பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறார்.

ஃப்ளாப் என்றால் ரத்த ஓட்டம் அறாமல் நகர்த்தும் தோல்துண்டு. வேலை அழகானது. நுனி சரிவாக வெட்டுப்பட்டு எலும்பு தெரிகிறது. வேறிடத்துத் தோலை ஒட்டினால் வெறும் எலும்பின்மேல் சரியாகப் பிடிக்காது. உணர்ச்சியும் சரியாக வராது. அதனால் அதே விரலின் உட்புறத் தோலை, கூர்முனை உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி முக்கோணமாக அறுத்து முன்னால் நகர்த்துகிறார்கள். விரலின் இரு ஓரங்களிலும் தமனியும் நரம்பும் ஓடுகின்றன. ஓர் ஓரத்து ஜோடியை மட்டும் முக்கோணத்தோடு விட்டுவைக்கிறார்கள். பாத்தியை மண்ணோடு பெயர்த்துத் தள்ளுகிறோம், வாய்க்கால் மட்டும் அறுபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை திறந்தபடியே இருக்கிறது. மிளகாய்ச் செடிக்குத் தன் சர்வே எண் மாறியதுகூடத் தெரியாது. பின்னால் விட்ட பள்ளத்தின் கரைகளைச் சேர்த்துத் தைத்தால் ‘வி’ வடிவ வெட்டு ‘ஒய்’ ஆகிறது.

இதே குடும்பத்து இன்னொரு ஃப்ளாப்பை இத்தாலியில் திராங்குவில்லி-லேயாலி 1935-இலேயே எழுதிவிட்டார். 1970-இல் அட்டசாய் என்ற மருத்துவரும் எழுத, அதன்பின் பலரும் அதை அட்டசாய் ஃப்ளாப் என்கிறார்கள். ஒரே நிலம், இரண்டு பட்டா.

தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் நுண்நாளங்களை நம்பும் ஃப்ளாப்களில் குழப்பம் இன்னும் அதிகம். 2001-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நிபுணர்கள் கூடி, அடியிலுள்ள தசையை விட்டு ஊட்டும் ரத்தநாளத்தின் பெயரைச் சூட்டச் சொன்னார்கள். அதாவது, வாய்க்காலின் பெயரை. நியாயம்தான். அறிக்கை 2003-இல் அச்சானது. கனடாவிலிருந்து வேறொரு முறையும் வந்து சேர்ந்தது. பெயரை ஒன்றாக்கக் கூடினார்கள், பெயரிடும் முறையே இரண்டானது!

வரலாறு கேட்பீர்கள். பழங்கால அறுவை மருத்துவர் சுஸ்ருதர், பிறகு 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்த, நெற்றித் தோலால் ஆன மூக்கு. வாட்ஸப்பில் மார்தட்டுகிறவர்கள் கவனிக்க: மூக்கு வைத்தவரின் பெயர் அதில் இல்லை. ‘இந்திய முறை’ என்ற பெயர்தான் நின்றது.

மச்சானின் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். விரலில் மறுபடி கத்தி வைக்க நேர்ந்தால், எந்த ஓரத்துத் தமனியோடு நகர்த்தினார்கள் என்பதுதான் அடுத்த மருத்துவருக்கு வேண்டும். அதை வெங்கடசாமி என்ற பெயர் சொல்லாது. எழுதியிருக்கவில்லை என்றால், தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.