நாய் வரியும் ஆட்டு நஷ்டஈடும்

தாளடி அறுவடையான பின் காரைக்கால் பக்கத்துத் தரிசு வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை கட்டுதல் பழைய வழக்கம். இரவில் நாய்கள் கிடையிற் புகுந்து நாலைந்து ஆடுகளைக் கடித்துப் போடுமாயின், ஏழை இடையனுக்கு அவ்வருஷத்து முதலே அழிந்ததாகும்.

நாயை வளர்ப்பவன் ஒருவன். ஆட்டை இழப்பவன் வேறொருவன். பிரான்சில் 1855-ஆம் வருஷத்துச் சட்டம் ஊர்தோறும் நாய் வரி விதித்தது. காவல் நாய்க்கு வரி குறைவு. அமெரிக்க மாகாணங்கள் சிலவற்றிலோ, அவ்வரிப் பணத்தினின்றே ஆடிழந்தோருக்கு ஈடளித்தனர். நாய்க்குக் கட்டணம் வாங்குமிடத்து அதனை இவ்வாறு தனி நிதியாக வைத்தலே முறை.

தெருநாய்க்கோ உடையவன் இல்லை. ஆதலின் பொதுப்பணமே ஈடாக வேண்டும். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் குடியானவர்கள் முறையிட்டபின், 2025-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தெருநாய் கடித்து இறந்த மாட்டுக்கு ரூ. 37,500, ஆட்டுக்கு ரூ. 6,000 என ஈடு அறிவித்தது.

ஈடு எங்கே கோரினும் சான்று வேண்டும். ஆகவே குடியானவர்கள் கவனிக்கத்தக்கவை:

1. கால்நடை மருத்துவர் பார்வையிடுமுன் இறந்த ஆட்டை அப்புறப்படுத்தலாகாது.

2. பின்னர் ஆழக் குழிவெட்டிப் புதைக்க. வாய்க்கால் கரையில் எறிந்த பிணமே நாய்களைக் கூட்டும்.

3. கடிபட்டுப் பிழைத்த ஆட்டின் காயத்தைச் சவுக்காரமிட்டுக் கழுவி, தாமதமின்றி வெறிநோய்த் தடுப்பூசி போடுவிக்க.

4. வளர்ப்பு நாயை இரவில் கட்டிவைக்க. வருஷந்தோறும் அதற்கும் ஊசி போடுவிக்க.

ஈடு பெறுதலினும் இழவாமையே நன்று.