அடி தொங்கும் தண்ணீர்த் தொட்டி: குறை தொட்டியிலா, அது உட்கார்ந்திருக்கும் இடத்திலா?

'டிராக்டர் டிரெய்லரில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்து இளந்தென்னைகளுக்குத் தண்ணீர் விடுகிறோம். தொட்டி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அடிப்பக்கம் நடுவில் பிதுங்கித் தொங்குகிறது. குழாய் இணைப்பிலும் கசிவு இருக்கிறது. தொட்டியை மாற்ற வேண்டுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். தொட்டியைத் தூக்கிவிட்டு, அதன் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு மரக்கட்டைகள் மட்டும் இருந்தால், புதுத் தொட்டி வாங்கினாலும் அடுத்த எட்டு மாதத்தில் இதே கதைதான்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் அண்ணன் தோட்டத்தில் கிணறு வற்றிவிட்டது. நான்கு வயதுத் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. பக்கத்து ஊரில் தண்ணீரை விலைக்கு வாங்கி, டிரெய்லரில் ஏற்றி வந்து மரத்துக்கு மரம் விட்டோம். தொட்டியின் குழாய் வாய் அடியை ஒட்டி இருக்கும் அல்லவா? வால்வைத் திருப்பக் கை போக வேண்டும் என்பதற்காக, இரண்டு பக்கமும் ஒரு கட்டை போட்டு அதன்மேல் தொட்டியைத் தூக்கி வைத்தோம். எல்லாரும் செய்வதுதான். ஒரு மாதத்தில் கட்டைகளுக்கு நடுவே அடி தொங்கியது. 'பிளாஸ்டிக்தானே, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் வாய்க்கால் கரையில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, குழாய் இணைப்பு வேரோடு பிடுங்கிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் முழுக்கப் பாதையில் போனது. அன்று தண்ணீர் கிடைக்காத மரங்களைப் பார்த்துக்கொண்டு அண்ணன் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுநாள் வெல்டிங் பட்டறைத் தம்பி வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, ஓரத்தைத் தாங்கறதுக்குக் கட்டை வெச்சிருக்கீங்க. நடுவுல இருக்கற தண்ணியத் தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே!"

விஷயம் அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர அடியும் ஏறக்குறைய 93 கிலோ சுமக்கிறது. ஓரம், நடு என்ற பேதம் தண்ணீருக்குக் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம்தான். தொட்டியின் அடித்தகடு தண்ணீர் ஒழுகாமல் பிடித்து வைப்பதற்காகச் செய்தது. எடையைத் தாங்க வேண்டியது அதன் கீழே இருக்கும் தளம்.

தொட்டி செய்யும் பாலித்தீனுக்கு இன்னொரு குணம் உண்டு. சுமையை விடாமல் வைத்திருந்தால் உடையாது, மெல்ல மெல்ல நீளும். வெயிலில் சூடேறினால் இன்னும் இளகும். மத்தியான வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கனமான ஆள் உட்கார்ந்தால் கால்கள் விரிகிறதே, அதே சங்கதி. வண்டியில் போகும் தொட்டிக்குக் குலுக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு குழியிலும் அந்த ஒரு டன் தூக்கிப்போட்டு இறங்குகிறது.

அமெரிக்காவில் சமையலறை, படுக்கை, குளியலறையோடு வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வண்டிகளின் தரைக்குக் கீழே 150 முதல் 400 லிட்டர் வரை பிடிக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கும். பல வண்டிகளில் அதை ஓரங்களிலோ, குறுக்கே போகும் ஓரிரு மெல்லிய இரும்புப் பட்டைகளிலோதான் நிறுத்தியிருப்பார்கள். தொட்டியை நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் போனால், அங்கேயும் நடுப்பகுதி தொங்கி, பட்டை வளைந்து, குழாய் கழன்றுவிடும். வண்டிக்காரர்கள் அதற்குச் செய்யும் வைத்தியம், சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே கனமான இரும்புக் குழாய்களைப் போல்ட் போட்டு மாட்டி, அதன்மேல் பலகை விரித்துத் தொட்டியை உட்கார வைப்பது. எங்கள் பட்டறைத் தம்பி செய்ததும் கிட்டத்தட்ட அதுவே.

அவர் செய்ததைச் சொல்கிறேன். தொட்டியின் அடியைவிடச் சற்றுப் பெரிதாக ஆங்கிளில் ஒரு சட்டம். அதற்குள் அரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பிகள். மேலே நனைந்தாலும் உப்பாத ரகத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட். அதன்மேல் பழைய ரப்பர் பாய். தொட்டி நகராமலிருக்கச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. வால்வுக்குக் கை போகும் உயரமும் கிடைத்தது, அடி முழுக்கத் தாங்கலும் கிடைத்தது. ஒன்று முக்கியம்: வெல்டிங் வேலையைத் தொட்டியை இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நிறைந்த தொட்டிக்குக் கீழே யாரும் தலையை நுழைக்க வேண்டாம்.

குழாய் இணைப்பில் கெட்டியான பி.வி.சி. குழாயை நேராக மாட்டுவது அடுத்த தவறு. தொட்டி அசையும், குழாய் அசையாது. நடுவில் இருக்கும் இணைப்பு விரிசல் விடும். வால்வுக்குப் பிறகு ஓர் அடி நீளம் வளையும் ஹோஸ் போட்டுக் கிளாம்ப் இறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

தொட்டியைக் கட்டுவதற்கு நைலான் கயிற்றைவிட, லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இறுக்குப் பெல்ட் மேல். ஆனால் காலித் தொட்டியில் முறுக்கி முறுக்கி இறுக்கி, இடுப்பு ஒடுங்கும்படி விட்டுவிடாதீர்கள்.

பாதித் தொட்டியோடு ஓடுவது முழுத் தொட்டியைவிட ஆபத்து என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி இருந்தால், பிரேக் போட்டதும் அரை டன் தண்ணீர் முன்னே பாயும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். தண்ணீர் லாரிகளின் தொட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள் வைப்பது இதற்காகத்தான். நம் தொட்டியில் தடுப்பு கிடையாது. அதனால் மரத்துக்கு மரம் நகரும்போது நடைவேகம் போதும். சாலையில் போவதென்றால் நிரப்பிப் போங்கள், அல்லது காலியாகப் போங்கள். முக்கால் டன் மட்டுமே ஏற்றத்தக்க சிறிய சரக்கு வண்டியில் 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பவே கூடாது.

அடி மட்டுமல்லாமல் பக்கமும் உப்பியிருந்தால், காற்று வழியைப் பாருங்கள். போர்வெல் மோட்டாரின் இரண்டு அங்குலக் குழாயால் நிரப்புகிறோம். மிகுதி நீர் வெளியேற அரை அங்குல ஓட்டை. மூடியும் இறுக்கி மூடியிருந்தால் தொட்டி பலூன்போல் உப்பத்தான் செய்யும். அதேபோல, மூடியைத் திறக்காமல் மோட்டார் வைத்து உறிஞ்சினால் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளை நிற 1,000 லிட்டர் பழைய தொட்டிகள் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. சரக்கோடு பயணம் செய்வதற்கென்றே செய்தவை என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தம்தான். ஆனால் முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடிக்க அதில் தண்ணீர் கொண்டுபோக வேண்டாம்.

சொட்டுநீருக்கு உரம் கரைக்கும் தொட்டியை ஆங்கிள் ஸ்டாண்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். நான்கு கால், இரண்டு குறுக்குச் சட்டம், அதன்மேல் தொட்டி என்று இருந்தால் கடப்பா கல்லோ கனமான இரும்புத் தகடோ போட்டு முழுத் தளமாக்குங்கள். வண்டிக்குக் கடப்பா கல் ஆகாது, குலுக்கலில் உடையும்.

இனி, கேள்வி கேட்டவருக்கு. தொட்டியைக் காலி செய்து, கவிழ்த்துப்போட்டு, அடியில் குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். பிதுக்கம் ஓரிரு விரல் அளவுதான், விரிசல் இல்லை, பிளாஸ்டிக் வெளுத்த கோடுகளும் இல்லை என்றால், முழுத் தளம் போட்டு அதே தொட்டியைப் பயன்படுத்தலாம். சமதளத்தில் வைத்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும்; முழுதும் வராது. கசிவுக்கு இணைப்பைக் கழற்றிப் புது ரப்பர் வாஷர் போடுங்கள். அடியில் வெளுத்த கோடோ விரிசலோ இருந்தால் வண்டியில் ஏற்ற வேண்டாம். பாலித்தீனில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. சூடுகாட்டி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் பக்கவாட்டு விரிசலுக்குத் தாங்கும், குலுங்கும் அடிக்குத் தாங்காது. அப்படிப்பட்ட தொட்டியை மேல்பக்கம் வெட்டித் திறந்து, தரையில் வைத்து மண்புழு உரம் போடப் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கள் பழைய தொட்டி இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது.