மூணாறில் விட்டதும் விடாததும்

வாதம் என்பது தன் நியாயத்தை முழுமையாக முன்வைப்பது. சமரசம் என்பது அதில் ஒரு பகுதியை அடைந்து மறுபகுதியை விட்டுத்தர இசைவது. முன்னதிலிருந்து பின்னதற்கு நகரும்போது நேர்மை குலையாமல் இருக்க முடியுமா என்பதை, இடுக்கி மாவட்டத்து மூணாறில் 2015 செப்டம்பரில் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை முன்வைத்து ஆராயலாம்.

கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் அவ்வாண்டுக்கு 10 சதவீத போனஸை அறிவித்தபோது, 20 சதவீதம் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 500 ஆக வேண்டும் என்று கேட்டு, கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். நிர்வாகத்தோடு தங்கள் தலைக்கு மேலே உடன்பாடு செய்துகொண்டவர்கள் என்று குற்றஞ்சாட்டி, தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் ஒதுக்கிவைத்தனர். ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்களின் ஒற்றுமை, என்ற பெயர் அந்த ஒதுக்கலிலிருந்தே பிறந்தது. அவர்களுடைய கோபம் சமரசத்தின் மீது அன்று, தங்களுக்குத் தெரியாமல் தங்கள் பெயரால் செய்யப்பட்ட சமரசத்தின் மீதே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 13 அன்று கேரள முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் கொச்சியில் எட்டப்பட்ட உடன்பாடு நுட்பமானது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவாக விதித்தது 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவே போனஸ் என்றும், எஞ்சிய 11.67 சதவீதம் கருணைத்தொகை, அதாவது சட்டக் கடமையாக அல்லாமல் நிறுவனம் தானாக முன்வந்து தரும் பணம் என்றும் முடிவாயிற்று. கூட்டினால் 20 சதவீதம். கேட்ட தொகையில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் உரிமை என்று கேட்டதில் பெரும்பகுதி கருணை என்ற பெயரில் வந்தது என்பதும், அடுத்த ஆண்டு அதையே கேட்டால் சட்டம் துணைக்கு வராது என்பதும் சிறிய இழப்புகள் அல்ல. எனினும் இந்த ஏற்பு நேர்மையானதே. ஏனெனில் எது கிடைத்தது, எது எந்தப் பெயரில் கிடைத்தது, கூலிக் கோரிக்கை தள்ளிவைக்கப்பட்டது என்ற மூன்றும் சாலையில் காத்திருந்த பெண்களுக்கு மறைக்கப்படாமல் எட்டின. விட்டுக்கொடுத்ததையும் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளும்போதுதான் சமரசம் பொய்யாகிறது.

கூலிக் கோரிக்கை, அரசு, தோட்ட உரிமையாளர், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் அமரும் தோட்டத் தொழிலாளர் குழுவுக்குப் போயிற்று. அக்டோபரில் அக்குழு தேயிலைத் தொழிலாளரின் நாள் கூலியை 301 ரூபாய் என்று தீர்மானித்தது. 69 ரூபாய் உயர்வு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் அடுப்பெரிய உதவியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பதிவு பெற்ற சங்கமாக இல்லாததால், 500 ரூபாய் கேட்ட பெண்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இருக்கவில்லை.