குரலுக்கும் காதுக்கும் நடுவே ஒரு தாமதம்

பள்ளிக் கணினியில் மாணவர்களின் பாடல்களைப் பதிவு செய்யும் ஆசிரியர்கள் பலரும் ஒரு சிக்கலைச் சந்தித்திருப்பீர்கள். வகுப்பில் தாளம் பிசகாமல் பாடும் பிள்ளை, தலையில் ஹெட்போனை மாட்டியதும் இழுத்து இழுத்துப் பாடும். என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எனக்குத் தாளம் வராது சார்" என்று தானே முடிவுகட்டிவிட்டாள். குறை அவளிடம் இல்லை. அவள் குரல் கணினிக்குள் சுற்றிவிட்டுத் தாமதமாக அவள் காதுக்குத் திரும்பியதே காரணம்.

ஏன் தாமதம்? ஒலி அட்டை நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாதிரியையும் வந்தவுடன் கணினி தொடுவதில்லை. குடம் நிறைந்த பிறகு தூக்குவதுபோல, ஒரு தொகுதி சேர்ந்த பின்பே எடுத்துக்கொள்ளும். அந்தக் குடம்தான் பஃபர். அதன் அளவு 2,048 மாதிரிகள் என்றால், 2,048ஐ 44,100ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 46 மில்லிநொடி. உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம். ஆக 93 மில்லிநொடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், இது 32 மீட்டர் தள்ளி நிற்பவரின் பாட்டைக் கேட்டுத் தாளம் போடுவதற்குச் சமம். மைதானத்தில் இதைச் செய்து காட்டினால் ஒலி பாடத்துக்கும் உதவும்.

குடத்தைச் சிறிதாக்கினால் என்ன? 128 மாதிரிகள் வைத்தால் ஒரு தொகுதிக்கு 3 மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் அந்த நேரத்துக்குள் கணினி ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தாக வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளோ புதுப்பிப்போ குறுக்கிட்டு ஒரே ஒரு முறை பிந்தினாலும் 'படக்' என்ற சத்தம் பதிவில் விழும். இங்கே சராசரி வேகம் உதவாது; மிக மோசமான கணத்தில் எவ்வளவு தாமதிக்கிறது என்பதே கணக்கு. அதனால்தான் புதிய கணினியிலும் இந்தத் தொல்லை வருகிறது. பதிவு நேரத்தில் மற்ற நிரல்களை மூடிவிட்டு, சத்தம் வராத வரை பஃபரைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அது மட்டுமே பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல் கூட்டிவிடும். கம்பி உள்ள மலிவான ஹெட்போனே மேல். விண்டோஸில் ஆடாசிட்டி பயன்படுத்துவோர் ஒலி அமைப்பில் எம்எம்இ என்பதற்குப் பதில் வாசாபியைத் தேர்ந்து பார்க்கலாம். பாடுபவரின் குரலை மென்பொருள் வழியே திருப்பி ஒலிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடச் சொல்வதே எனக்குக் கைகொடுத்த எளிய வழி. சொந்தக் குரல் காற்றிலேயே வந்துவிடும். ஹெட்போனில் சுருதியும் தாளமும் மட்டும் கேட்டால் போதும். அந்த மாணவி மறுமுறையே சீராகப் பாடினாள்.

பாடி முடித்தபின் குரல் தடம் தாளத் தடத்துக்குப் பிந்தி விழுந்தால் கவலை வேண்டாம், அதைத் திருத்த முடியும். ஆடாசிட்டியில் தாமத ஈடு இயல்பாக -130 மில்லிநொடி. தாளத் தட்டை ஒலிக்கவிட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். திரையில் இரண்டு தடங்களையும் பெரிதாக்கி இடைவெளியை அளவுங்கள். பதிவு 40 மில்லிநொடி பிந்தியிருந்தால் ஈட்டை -170 ஆக்க வேண்டும், முந்தியிருந்தால் எதிர்த்திசையில். இந்த அளவீட்டை மாணவர்களே செய்வார்கள். ஒலி அமைப்பையோ மைக்கையோ மாற்றினால் மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டியிருக்கும்.