அலுமினியப் படகுக்குச் செம்பு ஆகாது

பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க, மரப் படகின் அடியில் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பது வழக்கம். ஃபைபர் படகுக்கும் அது ஒத்துப்போகும். டப்பாவில் மிச்சமிருப்பதைப் பழைய அலுமினியப் படகுக்கு அடித்துவிட்டால் வந்தது வினை. உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அதில் செம்பு தப்பிக்கும், அலுமினியம் கரையும்.

எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். கடலோரக் காவல்படைக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டிய இடைமறிப்புப் படகுகளுக்கு அலுமினியக் கலவையில் உடல் அமைத்ததற்கு இதுவே காரணம். அவை மணிக்குச் சுமார் 83 கி.மீ. வேகத்தில் பாயும்.

காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோல் படியும். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும்போதுதான் சிக்கல். புளிக்குழம்பு வைத்த அலுமினியச் சட்டியில் புள்ளிபுள்ளியாகக் குழி விழுமே, அந்தக் கதைதான். ஈரச் சாக்கோ பலகையோ அழுத்திக் கிடக்கும் இடத்தில் ஆக்சிஜன் எட்டாததால் தோல் மறுபடி வளராது. வெள்ளைப் பொடி பூத்த இடங்களைச் சுரண்டிப் பார்த்தால் குழி தெரியும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, படகைக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். சொட்டும் ரிவெட்டைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம் போட்டால் வேலை பாதி முடிந்தது. மேலோட்டமான குழிக்கு எபாக்சி பட்டி போதும். ஆழமானதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மேலிருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் வெல்டிங்குக்குச் சற்று முன்பு தோலைத் தேய்த்தெடுப்பது கட்டாயம். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து, பின்னால் துருப் புள்ளிகளாக வெளிவரும்.

பெயின்ட் விஷயத்தில் வேகம் முக்கியம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். முன்பு புழங்கிய ஜிங்க் குரோமேட் பிரைமர் புற்றுநோய் அபாயத்தால் ஒதுக்கப்பட்டு வருகிறது. நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குச் செம்பில்லாத பெயின்ட்.

படகு ஓடும் தண்ணீர் மாறினாலும் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 வரை கோவளம், மாமல்லபுரம் கடற்கரை இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமான பின் மிஞ்சியவை செம்பரம்பாக்கம், உத்திரமேரூர் போன்ற ஏரிகள். கடல் படகை ஏரிக்குக் கொண்டுவந்தால் ஒன்றை மாற்ற வேண்டும்: படகுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று அடியில் பொருத்தும் உலோகத் துண்டு. கடலுக்குத் துத்தநாகம், நன்னீரில் அது மேலே படலம் கட்டி வேலையை நிறுத்திவிடும், அங்கே மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியத்தோடு கடலில் இறங்கினாலோ அது வேகமாகத் தீர்ந்துபோவதோடு, பெயின்ட்டையும் கொப்பளிக்க வைக்கும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அலசிவரும் உலோக அரிமானத் துறை இது.

கடைசியாக ஒன்று: படகு முழுக்கப் பளபளவென்று அடித்து முடித்தாலும், அந்தத் துண்டின் மேல் மட்டும் பெயின்ட் படக்கூடாது. மூடிவிட்டால் அது கரையாது. அதற்குப் பதில் படகு கரையும்.